வளையாத தட்டு, உரியும் பெயிண்ட், நிற்கும் கடிகாரம்: இசைத்தட்டுக் கைவினையில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

பினாங்கில் பழைய இசைத்தட்டுக்குப் பஞ்சமில்லை. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் தரையில் விரித்துப் போட்டிருப்பார்கள். வீடு காலி செய்கிறவர்கள் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சுடவைத்துக் கிண்ணமாக்குகிறோம், நடுவில் முள் பொருத்திக் கடிகாரமாக்குகிறோம், கோலம் வரைந்து சுவரில் மாட்டுகிறோம். செய்முறை வீடியோக்கள் நிறைய உண்டு. செய்தது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று சொல்கிறவர்கள்தான் குறைவு.

இந்த வேலையில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, அது உண்டான இடம் வேறு. பெயிண்ட் உரிந்தால் குறை பெயிண்டில் இருக்காது, கழுவாத தட்டில் இருக்கும். கடிகாரம் நின்றால் மெஷினைக் குறை சொல்வார்கள், காரணம் நடு ஓட்டையில் இருக்கும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு படி பின்னால் போய்ப் பார்த்திருக்கிறேன். உங்கள் தட்டுக்கு என்ன ஆனதோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஆனால் இந்த முதல் பகுதியை எல்லாரும் படித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்: கையில் இருப்பது எந்தத் தட்டு?

கறுப்பாக, வட்டமாக இருப்பதெல்லாம் வினைல் என்ற பிளாஸ்டிக் அல்ல. நீண்ட நேரம் பாடும் வினைல் தட்டான எல்பி 1948-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. அதற்கு முன்னால் வந்தவை பெரும்பாலும் அரக்குத் தட்டுகள். அரக்கில் கல்தூளும் கரியும் கலந்து அச்சடித்தவை, நிமிடத்துக்கு 78 முறை சுற்றுபவை. இந்தியாவில் 1960-களின் பிற்பகுதி வரைகூட 78 வந்துகொண்டிருந்தது. ஆகவே நம் தாத்தா காலத்துப் பெட்டியில் இருக்கும் தமிழ்த் தட்டு அரக்காக இருக்க நிறையவே வாய்ப்புண்டு.

கண்டுபிடிப்பது சிரமமில்லை. லேபிளில் 78 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அகலம் 25 செ.மீ. இருந்து, 30 செ.மீ. எல்பியைவிடக் கனமாகத் தெரிந்தால் அது அரக்கு. நகத்தால் தட்டினால் ஓடுபோல் கணீரென்று கேட்கும். வினைலில் அந்தச் சத்தம் வராது. வளைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், அரக்கு அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த 7 அங்குலச் சிறு தட்டுகள் சில பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக்கால் ஆனவை. எடை மிகக் குறைவாக இருக்கும், லேபிளும் மேலே ஒட்டினாற்போல் இருக்கும். இதுவும் வளைக்க உதவாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாடுகிற தட்டை வெட்டாதீர்கள். மலாய்ப் பாடகரும் நடிகருமான பி. ரம்லி 1929-இல் பிறந்த ஊர் இது. அந்தக் காலத்து மலாய்த் தட்டுகள், இங்கே வானொலியில் சுழன்ற பழைய தமிழ்த் தட்டுகள் எல்லாம் இனிமேல் யாரும் அச்சடிக்கப் போவதில்லை. ஆழமாகக் கீறியது, நெளிந்து முள் நிற்காதது, ஓரம் சில்லு போனது, எங்கும் நூற்றுக்கணக்கில் கிடைக்கிற மலிவுத் தொகுப்பு ஆகியவை மட்டும் கைவினைக்கு வரட்டும். சந்தேகமிருந்தால் சந்தையில் தட்டு விற்கிற அங்கிளிடம் ஒருமுறை காட்டுங்கள். பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

அறிகுறி: சூட்டில் வைத்தும் வளையவில்லை, கைவைத்ததும் உடைகிறது

முதல் சந்தேகம் மேலே சொன்னதுதான். அரக்கு சூட்டில் இளகும், ஆனால் உள்ளிருக்கும் கல்தூளால் வளையாமல் பிளந்துவிடும். பாலிஸ்டைரீன் தளர 100 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடு வேண்டும், வினைல் தளரத் தொடங்கும் சூட்டில் அது விறைப்பாகவே நிற்கும். இரண்டையும் வளைக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, சுவர் அலங்காரத்துக்கு அப்படியே முழுத் தட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

வினைல்தான் என்று உறுதியாகத் தெரிந்தும் உடைந்ததா? அப்படியென்றால் சூடு சீராகப் பரவவில்லை. ஓரம் தளர்ந்திருக்கும், லேபிள் பகுதி விறைப்பாகவே இருந்திருக்கும். தட்டு அந்த இடத்தில்தான் தடிமன் அதிகம். வினைல் 60-70 டிகிரியைத் தாண்டும்போதே தளரத் தொடங்குகிறது. வேலைக்கு ஓவனில் 95 முதல் 105 வரை வைத்து, 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். ஓரம் தொங்குகிறதே என்று அவசரப்பட்டு எடுக்காதீர்கள். நடுவும் தளர்ந்து, தட்டு முழுவதும் ஈரத்துணி போலத் தொய்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

அறிகுறி: மூக்கில் ஏறுகிற நெடி, மேற்பரப்பில் கொப்புளம்

உடனே ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். தட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக் குடும்பம். 150 டிகிரிக்கு மேல் போகப் போக அது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். கண்ணும் தொண்டையும் எரிவது அதனால்தான்.

105-க்குத் திருகி வைத்தும் இப்படி ஆனதென்றால் காரணம் பெரும்பாலும் ஓவனின் அளவு. நம் வீடுகளில் மேசைமேல் வைக்கிற சின்ன ஓவன்தான் அதிகம். 30 செ.மீ. தட்டு அதற்குள் முழுதாகப் போகாது, சாய்த்துத் திணித்தால் ஓரம் சூட்டுக்கம்பியைத் தொட்டுவிடும். கம்பியின் சூடு திருகியில் எழுதியிருக்கும் எண்ணைவிட எத்தனையோ மடங்கு அதிகம். திருகியையும் நம்ப முடியாது. பேக்கிங் சாமான் கடையில் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டுப் பாருங்கள். கம்பிக்கும் தட்டுக்கும் இடையே ஒரு கை அளவாவது இடைவெளி இல்லாவிட்டால் அந்த ஓவன் இந்த வேலைக்கு ஆகாது.

அதற்குப் பதில் வெந்நீர் வழி இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் இதுதான். தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை, ஆகவே தட்டு கருகவும் வழியில்லை. அகலமான அலுமினியச் சட்டி ஒன்றில் நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டை முழுக்க அமிழ்த்துங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்தில் தளர்ந்துவிடும். நீளமான இடுக்கியால் எடுங்கள், கையில் தடிமனான உறை இருக்கட்டும். அந்தச் சட்டியைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம், இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

லேபிள் நனைந்து கழன்றுவிடுமோ என்று கேட்பார்கள். எல்பியின் லேபிள் பசையால் ஒட்டியதல்ல. தட்டு அச்சாகும்போது சூட்டிலும் அழுத்தத்திலும் வினைலோடு சேர்ந்து பதிந்தது. சுலபத்தில் கழலாது. ஆனால் மை கரையலாம், தாள் உப்பலாம். லேபிள் முக்கியம் என்றால் ஓவன்தான் வழி.

அறிகுறி: கிண்ணம் கோணல், ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து நிற்கிறது

வெளியே எடுத்ததும் வேலை முடிக்க உங்களுக்குக் கிடைப்பது 10 முதல் 20 விநாடி. ஏர்கான் அறையிலோ மின்விசிறிக்குக் கீழோ செய்தால் அதுவும் கிடைக்காது. ஓவனுக்குப் பக்கத்திலேயே கிண்ணம், டின், உறை எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். மைலோ டின்னைக் கவிழ்த்து வைத்து, டின்னின் நடுவில் சிறு புள்ளி வைத்துவிட்டால் தட்டின் ஓட்டையை அதற்கு நேராக இறக்கலாம். நடு நேராக விழுந்தால் மடிப்புகள் தாமாகச் சமமாக விழும்.

விழுந்த வடிவம் பிடிக்கவில்லையா? கவலைப்பட வேண்டாம். கோணலான கிண்ணத்தை மறுபடியும் ஒரு சமதட்டில் வைத்து ஓவனில் விடுங்கள். அது தானாகவே விரிந்து, ஏறத்தாழப் பழையபடி தட்டையாகிவிடும். அச்சில் பெற்ற முதல் வடிவத்துக்குத் திரும்பும் குணம் வினைலுக்கு உண்டு. பாதி விரிந்திருக்கும்போது இழுத்துக்கொண்டு வெளியே எடுக்காதீர்கள், முழுதாகப் படியட்டும். கொப்புளம் வந்த தட்டை மட்டும் இப்படி மீட்க முடியாது.

அறிகுறி: நன்றாக இருந்த கிண்ணம் தானாகவே தளர்ந்துவிட்டது

சூடு பட்டால் பழைய தட்டை வடிவத்துக்குத் திரும்பும் வினைலின் குணம்தான் இங்கே எதிராக வேலை செய்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொட்டுவிடும். சந்தைக்குக் கொண்டுபோகிற கிண்ணங்களைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது ஓரமெல்லாம் தொய்ந்திருக்கும். துணி சுற்றி, குளிர்ப்பெட்டியில் ஐஸ் இல்லாமல் வைத்து எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் மேற்குப் பார்த்த சன்னல் ஓரமும், சாமி விளக்குக்குப் பக்கமும் வேண்டாம்.

தீபாவளிக்கு இந்தக் கிண்ணத்தில் முறுக்கு வைத்துக் கொடுக்கலாமா என்று பட்டர்வொர்த் அக்கா ஒருவர் கேட்டார். அக்கா, நேரடியாக வேண்டாம். பழைய பிவிசியில் ஈயம் சார்ந்த பொருள்களைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. எண்ணெய்ப் பலகாரத்தை அதில் நேராக வைக்கக் கூடாது. பொட்டலம் கட்டிய இனிப்பு, சாவி, பூந்தொட்டி, வளையல் என்றால் தாராளமாக வைக்கலாம்.

அறிகுறி: வரைந்த கோடு பக்கவாட்டில் பரவுகிறது

கோலம் போடுகிறவர்களுக்கு அதிகம் வருகிற தொல்லை இது. விளக்கின் கீழே தட்டைச் சாய்த்து உற்றுப் பாருங்கள். ஒரு செ.மீ. அகலத்துக்குள் நூறை ஒட்டி வரிப்பள்ளங்கள் ஓடுகின்றன. வெள்ளை மார்க்கரின் நுனி தொட்டதும் மை அந்தப் பள்ளத்தில் இறங்கி இரு பக்கமும் மெல்லிய ரோமம்போல் நீண்டுகொண்டே போகும். வரியை ஒட்டிப் போகிற வளைவு சுத்தமாக வரும். வரியைக் குறுக்கே வெட்டுகிற கோடுதான் பிசிறடிக்கும். சிக்குக் கோலத்தில் இரண்டும் மாறிமாறி வருவதால், பாதி அழகாகவும் பாதி பிசிறாகவும் தெரியும்.

முதலில் பள்ளத்தை அடைக்க வேண்டும். நிறமற்ற மேட் வார்னிஷை மெல்லியதாக இரண்டு முறை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதன் மேல் வரையுங்கள். தண்ணீர் போல ஓடுகிற மார்க்கரைவிட, கெட்டியான அக்ரிலிக் பெயிண்டும் மெல்லிய தூரிகையும் குறுக்குக் கோட்டுக்கு நல்லது. ஏற்கெனவே பிசிறிய மை நீர் சார்ந்ததாக இருந்தால், காயும் முன் ஈரப் பஞ்சால் வரியின் போக்கிலேயே துடையுங்கள். குறுக்கே துடைத்தால் அடுத்த பள்ளங்களுக்கும் மை ஏறும்.

புள்ளி வைக்க ஒரு யோசனை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள பளபளப்பான இடைவெளி வளையங்களைப் புள்ளி வரிசையாகப் பயன்படுத்துங்கள். அளவுகோலே வேண்டியதில்லை. ஆறு பாட்டு உள்ள பக்கத்தில் ஐந்து வளையம் தயாராக இருக்கிறது.

அறிகுறி: பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது, அல்லது குழி குழியாக விலகுகிறது

மேலே இன்னொரு பூச்சு அடித்தால் அதுவும் சேர்ந்துதான் உரியும். தட்டு அச்சாகும்போதே கலவையில் வழவழப்புப் பொருள் இருக்கும். அதன் மேல் பல ஆண்டுக் கைரேகையும், இந்த ஊர் ஈரத்தில் வளர்ந்த பூஞ்சையும் சேர்ந்திருக்கும். உரிந்ததை முழுதும் எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, மென்மையான பல்துலக்கியால் வரியின் போக்கில் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்தபின் மருந்துக்கடை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அரக்குத் தட்டில் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும்.

பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் லேசாக மங்கவைத்து, கார் சாமான் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பிரைமரை அடியுங்கள். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் வினைலை அரிக்கும், அவற்றால் துடைக்க வேண்டாம்.

அறிகுறி: ஸ்பிரே அடித்த கறுப்பு, பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது

பினாங்கின் காற்றீரம்தான் காரணம். ஸ்பிரேயின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிவிடும். விடிகாலையில் இங்கே ஈரம் 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வெயிலேறி, மழைமேகம் கூடுவதற்கு முந்திய நேரம்தான் ஸ்பிரேக்கு ஏற்றது. வெளுத்த தட்டை ஏர்கான் அறையில் காயவைத்து, வறண்ட நாளில் அதே ஸ்பிரேயை மிக மெல்லியதாக இன்னொரு தடவை அடித்தால் பல சமயம் தெளிந்துவிடும்.

அறிகுறி: ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலம், அல்லது ஒட்டியது கழன்றுவிடுகிறது

வெள்ளைப் படலம் சூப்பர் குளூவின் வேலை. அதன் ஆவி பக்கத்தில் படிந்து உறைகிறது. கறுப்புத் தட்டில் அது பளிச்சென்று தெரியும். பசையைக் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். படிந்ததை மென்மையான துணியும் துளி எண்ணெயும் கொண்டு மறைக்கலாம்.

கழன்று விழுவது குளூ கன் பசை. வழவழப்பான வினைலை அது பிடிப்பதில்லை, வெயில் வெப்பத்தில் தானும் இளகும். பித்தான், சாவி, பழைய டிப்பன் கேரியர் மூடி போன்ற கனமான பொருளைத் தட்டில் சேர்க்க இரண்டு ட்யூப் கலக்கும் எபாக்சிதான் வேண்டும். இரு பக்கமும் உப்புத்தாள் போட்டுவிட்டு ஒட்டுங்கள். இன்னும் கனமென்றால் சிறு துளையிட்டுக் கம்பியால் கட்டிவிடுங்கள். ஆர்மேனியன் வீதிச் சுவரில் 2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த பிள்ளைகள் ஒரு நிஜ மிதிவண்டியில் அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எடையெல்லாம் பசையில் நிற்காது.

தகரம் சேர்த்தால் வெட்டிய விளிம்பைக் கவனியுங்கள். வெள்ளீயப் பூச்சு மேற்பரப்பில்தான் இருக்கும், வெட்டுவாயில் வெறும் இரும்பு. கடற்காற்றில் அது சீக்கிரமே துருப்பிடித்துத் தட்டின் மேல் பழுப்பு ஒழுகும். வெட்டிய அன்றே உலோகப் பிரைமர் தொட்டுவிடுங்கள்.

அறிகுறி: வெட்டும்போது விரிசல், அல்லது வெட்டிய கோடு பின்னாலேயே ஒட்டிக்கொள்கிறது

மின்ரம்பம் வேகமாக ஓடினால் உராய்வில் வினைல் உருகி, வாள் கடந்ததும் மறுபடி சேர்ந்துகொள்ளும். வேகத்தைக் குறையுங்கள், அல்லது நுண்பல் கைவாளுக்கு மாறுங்கள். கோட்டின் மேல் மறைப்பு டேப் ஒட்டினால் ஓரம் சிதறாது. விரிசல் கூர்மூலையில்தான் தொடங்கும். உள்மூலை ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு சிறு துளை போட்டுவிட்டு அதுவரை அறுங்கள். எளிய வளைவுகளுக்கு வாளே வேண்டாம். வெந்நீரில் தளர்த்திய தட்டைக் கனத்த கத்தரிக்கோலால் வெட்டலாம். இறுகுவது போலிருந்தால் மறுபடி நனையுங்கள்.

லேசரில் வெட்டித் தரச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். வினைல் பிவிசி குடும்பம், அதில் லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும். வெட்டுகிறவரின் நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தின் உலோகத்தையும் அரித்துவிடும். விவரம் தெரிந்த கடைக்காரர் முடியாது என்றுதான் சொல்வார். அக்ரிலிக் என்று சொல்லி ஏமாற்றிக் கொடுப்பது பெரிய தவறு.

வெட்டின துண்டுகளை வீணாக்க வேண்டாம். கிறிஸ்டியன் மார்க்லே என்ற கலைஞர் 1980-களில் வெவ்வேறு தட்டுகளின் துண்டுகளை ஒன்றாக ஒட்டி, அந்த ஒட்டுத் தட்டைச் சுழலவிட்டே இசைத்தார். நிறத் தட்டுகளின் துண்டுகள் கிடைத்தால் அப்படி ஒன்று செய்து பாருங்கள்.

அறிகுறி: கடிகாரம் ஓடுகிறது, விநாடி முள் மட்டும் ஓரிடத்திலேயே துடிக்கிறது

எங்கே துடிக்கிறது என்று பாருங்கள். 9-ஐ ஒட்டி என்றால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அந்த இடத்தில் முள் கிடையாக இருந்து மேலே ஏறுகிறது, எடை முழுவதையும் மெஷின் தூக்க வேண்டும். புது ஏஏ பேட்டரி போட்டும் அதே இடத்தில் நின்றால் முள் கனம். எல்பி பெரிதாக இருக்கிறதே என்று நீளமான முள் போட்டிருப்பீர்கள். இலேசான அலுமினிய முள்ளுக்கு மாறுங்கள், அல்லது நீள முள்ளுக்கென்று விற்கும் அதிக விசை மெஷினை வாங்குங்கள்.

வேறு வேறு இடங்களில் நிற்கிறதா? முள்கள் ஒன்றையொன்று உரசுகின்றன, இல்லையென்றால் மெஷின் சாய்ந்திருக்கிறது. இதற்கு ஓட்டைக்குப் போக வேண்டும். எல்பியின் நடு ஓட்டை சுமார் 7.2 மி.மீ., சந்தையில் கிடைக்கிற கடிகாரத் தண்டு பெரும்பாலும் 8 மி.மீ. இந்த முக்கால் மி.மீ.க்காகத் துளைக்கருவியைப் பிடித்தால் நுனி ஒரு பக்கம் இழுத்து ஓட்டை கோணலாகிவிடும். வட்ட அரத்தை உள்ளே விட்டு, தட்டைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்த்து அகலப்படுத்துங்கள். தண்டு இறுக்கமில்லாமல் நேராக நுழைய வேண்டும். பின்பக்கம் ரப்பர் வளையத்தைப் போட்டு, திருகுமரையைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடால் இறுக்கினால் தட்டு நடுவில் குழிந்து முள் உரசும்.

முள்களை 12-இல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொருத்தி, கையால் ஒரு முழுச் சுற்று திருப்பிப் பார்த்த பிறகே சுவரில் மாட்டுங்கள்.

அறிகுறி: சுவரில் ஒட்டிய தட்டு இரவோடு இரவாக விழுந்துவிடுகிறது

ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். அந்தச் சுவர்களில் பூசியிருப்பது சுண்ணாம்பு. அது ஈரத்தை உறிஞ்சிவிட்டு மெல்ல வெளியே விடும், மேல்படலம் மாவாக உதிரும். இருபக்க டேப்பின் பின்னால் அந்த வெள்ளை மாவு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். டேப் தட்டை விடவில்லை, சுவர்தான் டேப்பை விட்டது. எவ்வளவு விலையுயர்ந்த டேப்பானாலும் இதே கதைதான்.

ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். 2008 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள பகுதி அது, எல்லாச் சுவரிலும் துளையிட விடமாட்டார்கள். மரச்சட்டமோ உத்தரமோ கண்ணில் பட்டால் அதிலிருந்து மீன்பிடி நரம்பைத் தொங்கவிட்டு, தட்டின் நடு ஓட்டை வழியாகக் கோத்துக் கட்டுங்கள். பல தட்டு மாட்டுவதானால் ஒரு மெல்லிய பலகையில் எல்லாவற்றையும் திருகி, பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தலாம். சுவருக்கும் தட்டுக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி விடுங்கள். பின்பக்கம் காற்று போனால்தான் லேபிளில் பூஞ்சை பிடிக்காது. பிடித்துவிட்டால் ஈரத்துணி வேண்டாம், காய்ந்த மென்தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிட்டு, ஒரு மணி நேரம் நிழலில் காற்றாட வையுங்கள்.